பொட்டுவெடித் துப்பாக்கி

பொட்டுவெடித் துப்பாக்கி என்பது, காகிதத்திலோ ஞெகிழியிலோ பொதிந்த மிகச் சிறிய வெடிப்பொட்டைச் சுத்தியலால் அடித்து ஓசை எழுப்பும் விளையாட்டுத் துப்பாக்கி ஆகும். இதிலிருந்து குண்டு எதுவும் வெளிப்படுவதில்லை. ஓசையும் சிறிது புகையும் மட்டுமே வெளிப்படும். தமிழ்நாட்டில் தீபாவளியை ஒட்டிய நாட்களில் சிறுவர்கள் இதனை மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர். இதற்கான வெடிப்பொட்டுகள் விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி வட்டாரத்தில் உற்பத்தி செய்யப்படுகின்றன.

தோற்றத்தில் அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டாலும், இயக்கத்தில் இது முழுவதும் கைவிசையால் இயங்கும் கருவியாகும். விளையாடும் சிறுவருக்குப் பெரிய தீங்கு விளைவிக்காத பட்டாசு என்று கருதப்படும் இதன் பொட்டு, அதனைச் செய்யும் தொழிலாளருக்கு மிகவும் ஆபத்தான வெடிகலவைகளுள் ஒன்றால் ஆனது.

பெயர்

வெடிமருந்து காகிதத்தின் மீது நெற்றிப்பொட்டைப் போல வட்டமாக வைக்கப்பட்டிருப்பதால் பொட்டுவெடி என்னும் பெயர் ஏற்பட்டது. பேச்சு வழக்கில் கேப், கேப் வெடி, துப்பாக்கி கேப், ரோல் கேப், சுருள் கேப் என்றும் வழங்குவர். இந்திய வெடிபொருள் சட்ட ஆவணங்களில் இது அமோர்ஸ் என்னும் பிரெஞ்சுச் சொல்லால் குறிக்கப்படுகிறது. அச்சொல்லுக்கு வெடியைத் தொடக்கி வைப்பது என்பது பொருள்.

வெடிப்பொட்டின் வகைகள்

* தனிப்பொட்டு: ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துச் சுத்தியலின் கீழ் வைக்கப்படுவது. துப்பாக்கி இல்லாத சிறுவர்கள் இதனைக் கல்லால் தட்டியும், போல்ட்டுக்கும் நட்டுக்கும் இடையில் வைத்துத் தரையில் எறிந்தும் வெடிப்பதுண்டு.
* சுருள்பொட்டு: நீண்ட சிவப்புக் காகித நாடாவில் சம இடைவெளியில் பொட்டுகள் அமைந்தது. நாடா சுருளாகச் சுற்றப்பட்டுச் சிறிய அட்டைப்பெட்டியில் விற்கப்படுகிறது.
* வளையப்பொட்டு: ஞெகிழி வளையத்தில் சிறு கிண்ணங்களாக அமைந்தது. பெரும்பாலும் ஒரு வளையத்தில் 8 பொட்டுகள் இருக்கும். சுழல் துப்பாக்கியின் வடிவில் செய்யப்பட்ட விளையாட்டுத் துப்பாக்கிகளுக்கு உரியது.
* பட்டைப்பொட்டு: ஞெகிழிப் பட்டையில் வரிசையாக அமைந்தது.

அமைப்பும் இயக்கமும்

அரைத்தானியங்கித் துப்பாக்கியில், ஒரு தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் பின்னுதைப்போ வளிம அழுத்தமோ அடுத்த சுடுதலுக்கான வேலையைச் செய்து விடுகிறது. வெற்றுக்கூடு வெளியே தள்ளப்படுதல், சுத்தியல் நிமிர்தல், அடுத்த தோட்டா உள்ளே செல்லுதல் ஆகிய மூன்றும் சுடுபவரின் உழைப்பின்றி நடைபெறுகின்றன. சுடுபவர் ஒவ்வொரு முறையும் விசையை இழுத்தால் போதும்.

பொட்டுவெடித் துப்பாக்கியில் வெடிப்பின் ஆற்றல் எந்த வேலைக்கும் பயன்படுவதில்லை. எல்லா வேலையையும் விரலே செய்கிறது. சுருள்பொட்டுத் துப்பாக்கியில் விசையை இழுக்கும்போது கீழ்க்கண்டவை வரிசையாக நிகழ்கின்றன.

1. விசையுடன் இணைந்த நெம்புகோல் சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அதனால் வில் இறுக்கப்படுகிறது.
2. விசையுடன் இணைந்த சிறிய நகம் போன்ற உறுப்பு காகித நாடாவை ஒரு பொட்டின் அளவுக்கு மேலே நகர்த்துகிறது.
3. இழுப்பின் இறுதியில் சுத்தியல் பிடியிலிருந்து நழுவி, வில்லின் விசையால் முன்னோக்கி விழுகிறது.
4. சுத்தியலுக்கும் அதற்கு எதிரே உள்ள உலோகத் தட்டுக்கும் இடையில் பொட்டு நசுங்கி வெடிக்கிறது.

வெடித்த பொட்டு இருந்த காகிதம் துளையுடன் மேலே நீண்டு கொண்டே வரும். அதனைக் கிழித்து எறிய வேண்டும். நாடா ஈரத்தால் நைந்தாலோ சாய்ந்து நகர்ந்தாலோ பொட்டு சரியான இடத்தில் வந்து நில்லாது. அப்போது சுத்தியல் வெறுங்காகிதத்தை அடிக்கும். வளையப்பொட்டுத் துப்பாக்கியில் நாடாவுக்குப் பதிலாக உருளை ஒரு பங்கு சுழல்வதால் இக்குறை பெருமளவு நீங்குகிறது.

துப்பாக்கியின் உடல் தகரம், துத்தநாக உலோகக்கலவை, ஞெகிழி ஆகியவற்றுள் ஒன்றால் செய்யப்படுகிறது. குழல் அடைக்கப்பட்டோ வெறும் வடிவமாகவோ இருக்கும்.

வேதியியல்

பொட்டுவெடியின் முதன்மைச் சேர்பொருள்கள் பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாசுபரசும் ஆகும். இக்கலவை ஆம்ஸ்ட்ராங் கலவை எனப்படுகிறது. அடிபட்டவுடன் குளோரேட்டு தன்னிடமுள்ள ஆக்சிசனை அளிக்கிறது; பாசுபரசு அதனுடன் கூடி நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் எரிந்து முடிகிறது. விளைபொருள்கள் பாசுபரசு பென்டாக்சைடும் பொட்டாசியம் குளோரைடும் ஆகும். வெண்புகையாகக் காணப்படுவது பாசுபரசு பென்டாக்சைடு. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பாசுபாரிக் அமிலமாகிறது. பொட்டாசியம் குளோரைடு உப்பாகச் சுத்தியலின் மீது படிகிறது. இவ்வமிலமும் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரிப்பதால், துடைக்காமல் வைத்த துப்பாக்கி அடுத்த தீபாவளிக்குள் துருப்பிடித்து விடுகிறது.

தீக்குச்சியும் பொட்டுவெடியும் வேதியியலில் உடன்பிறந்தவை. 1845ஆம் ஆண்டு ஆஸ்திரிய வேதியியலாளர் ஆன்டன் சுரோட்டர் சிவப்புப் பாசுபரசை அறிவித்தார். 1855ஆம் ஆண்டளவில் சுவீடனின் லுன்ட்ஸ்ட்ரோம் உடன்பிறப்பினர் அதனைக் கொண்டு பாதுகாப்புத் தீப்பெட்டியை வணிக அளவில் உருவாக்கினர். குளோரேட்டைக் குச்சியின் தலையிலும், சிவப்புப் பாசுபரசைப் பெட்டியின் பக்கவாட்டிலும் பிரித்து வைத்ததே அதன் பாதுகாப்புக்குக் காரணம். பெட்டியில் உரசும் கணத்தில் மட்டும் இரண்டும் சந்திக்கின்றன. பொட்டுவெடியிலோ, தீப்பெட்டி பிரித்து வைத்த அவ்விரண்டும் ஒரே பொட்டில் ஒன்றாக இருக்கின்றன. ஆகவே உராய்வு, அடி, நிலைமின் பொறி ஆகியவற்றுள் எதுவும் அதனைத் தூண்டப் போதுமானது.

ஒரு பொட்டில் உள்ள மருந்தின் அளவு மிகக் குறைவு. ஐக்கிய அமெரிக்காவின் விதிகளின்படி விளையாட்டுப் பொட்டு ஒன்றில் சராசரியாக 16 மில்லிகிராமுக்கு மேல் வெடிகலவை இருத்தல் கூடாது. பொட்டு கையில் பாதுகாப்பாக இருப்பதற்கு இச்சிறுமையே காரணம். கலவை பாதுகாப்பானது என்பதன்று.

வரலாறு

போர்க்கருவியிலிருந்து விளையாட்டுப் பொருள் வரை

அடியால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கியில் பயன்படுத்தும் முறைக்கு 1807ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சமயகுரு அலெக்சாண்டர் ஃபோர்சைத் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு சிக்கிமுக்கிக் கல்லின் பொறியே துப்பாக்கி மருந்தைப் பற்ற வைத்தது.

1845ஆம் ஆண்டு அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் மேனார்ட், இரு காகித நாடாக்களுக்கு இடையில் வெடிப்பொட்டுகளை வரிசையாக வைத்துச் சுருளாகச் சுற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சுத்தியலை நிமிர்த்தும்போது நாடா தானே ஒரு பொட்டு நகரும். அமெரிக்கப் படையின் 1855ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியில் இம்முறை சேர்க்கப்பட்டது. ஆனால் காகிதம் ஈரத்தில் நைந்து போனதால் 1861ஆம் ஆண்டு மாதிரியில் கைவிடப்பட்டது. போர்க்களத்தில் தோற்ற இக்காகிதச் சுருளே பின்னர் சிறுவர் துப்பாக்கியில் நிலைத்தது. மேனார்டு தம் சுருளில் பயன்படுத்திய பாதரச ஃபுல்மினேட்டின் இடத்தைக் குளோரேட்டு-பாசுபரசுக் கலவை பெற்றது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865ஆம் ஆண்டில் முடிந்த பின்னர், வார்ப்பிரும்பினாலான பொட்டுவெடித் துப்பாக்கிகள் அந்நாட்டில் பரவின. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மாட்டிடையர் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் புகழ்பெற்ற சுமார் இருபது ஆண்டுகள் இதன் பொற்காலம் எனப்படுகின்றன.

சிவகாசியில்

மழை குறைந்த கரிசல் நிலப்பகுதியான சிவகாசியில் வேளாண்மை மட்டும் வாழ்வாதாரமாக அமையவில்லை. அவ்வூரைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டு கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923ஆம் ஆண்டில் தம் ஊரில் அதனைத் தொடங்கினர். குளோரேட்டும் பாசுபரசும் சிவகாசிக்கு இத்தொழிலின் வழியே அறிமுகமாயின. மழையற்ற வறண்ட காற்று, குச்சியும் காகிதமும் விரைவில் உலர உதவியது.

1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் பட்டாசு உற்பத்திக்கு உரிமம் பெறும் முறையை ஏற்படுத்தின. இரண்டாம் உலகப்போரால் இறக்குமதி தடைப்பட்டதும் உள்நாட்டுப் பட்டாசுகளுக்கு வாய்ப்பானது. அதன்பின் தீப்பெட்டி, பட்டாசு, அவற்றுக்கு மேலுறை அச்சிடும் அச்சகம் ஆகிய மூன்று தொழில்களும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தன. பொட்டுவெடிக்கு இம்மூன்றின் அறிவும் தேவை: தீப்பெட்டியின் மருந்து, பட்டாசின் சந்தை, அச்சகத்தின் காகிதம். இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 1985ஆம் ஆண்டு புதிய மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அதுவே இன்றைய விருதுநகர் மாவட்டம்.

உற்பத்தியும் தொழிலாளர் பாதுகாப்பும்

பொட்டுவெடி உற்பத்தியின் அடிப்படை விதி, மருந்து ஈரமாக இருக்கும்போது மட்டுமே கலக்கவும் கையாளவும் வேண்டும் என்பதாகும். உலர்ந்த பின் காகிதங்களுக்கு இடையில் ஒட்டப்பட்டுத் தனித்தனிப் பொட்டுகளாகப் பிரிந்திருப்பதால் ஒன்றின் வெடிப்பு மற்றதற்கு எளிதில் பரவாது. ஈரம் போன மருந்து ஓரிடத்தில் குவிந்தால் இப்பாதுகாப்பு இல்லாமல் போகிறது. தரையில் சிந்திக் காய்ந்த துகளை மிதிப்பது, பாத்திரத்தின் விளிம்பில் உலர்ந்ததைச் சுரண்டுவது போன்ற சிறு செயல்களே வெடிப்புக்குப் போதுமானவை.

பட்டாசு ஆலைகளில் அறைகளைத் தனித்தனியாகக் கட்டுதல், அறைகளுக்கு இடையே இடைவெளி விடுதல், ஓர் அறையில் இருக்கத்தக்க ஆட்களின் எண்ணிக்கையையும் மருந்தின் அளவையும் வரையறுத்தல் ஆகியன வெடிபொருள் விதிகளின்படி கட்டாயமாகும். ஒரு விபத்து ஓர் அறையோடு நிற்க வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம். இவ்விதிகள் மீறப்பட்டால் விளைவது பேரழிவாகும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நேர்ந்த விபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவை பொட்டுவெடி மட்டும் செய்யும் ஆலைகளில் நேர்ந்தவை அல்ல. எனினும் இவ்வட்டாரத்துத் தொழிலாளர் எதிர்கொள்ளும் ஆபத்தின் அளவை இவை உணர்த்துகின்றன.

குழந்தைத் தொழிலாளர்

சிறுவர்களின் விளையாட்டுப் பொருளான இதனைச் செய்யும் வட்டாரம், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குழந்தைத் தொழிலாளர் மிகுந்த இடமாக இருந்தது. தீப்பெட்டி, பட்டாசு ஆகிய இரு தொழில்களிலும் சிறுவர், சிறுமியர் ஈடுபடுத்தப்பட்டனர். சலம் பென்னூர்கர் இயக்கிய குட்டி ஜப்பானின் குழந்தைகள் (1990) என்னும் ஆவணப்படம் இவர்களைப் பற்றியது. தொழில்வளம் மிகுந்த சிவகாசிக்கு வழங்கும் குட்டி ஜப்பான் என்னும் சிறப்புப் பெயரிலிருந்தே அப்படத்தின் தலைப்பு அமைந்தது.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசு உற்பத்தியில் 14 வயதுக்கு உட்பட்டோரை அமர்த்துவதைத் தடை செய்தது. சிவகாசித் தொழில்கள் குறித்து எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு மாறாக அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் வேலையளிப்பவர் 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என அத்தீர்ப்பு கூறியது. 2016ஆம் ஆண்டின் திருத்தம், 14 முதல் 18 வயது வரை உள்ளோரையும் வெடிபொருள் தொழிலில் அமர்த்தக் கூடாது என்று விரிவுபடுத்தியது.

சட்டநிலை

வெடிபொருள் சட்டம்

1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் பொட்டுவெடி உற்பத்திக்குப் பொருந்தும். இவற்றை நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு செயற்படுத்துகிறது.

கந்தகமும் குளோரேட்டும் சேர்ந்த வெடிபொருள்களைச் செய்வதையும் வைத்திருப்பதையும் இறக்குமதி செய்வதையும் 1992 சனவரி 27 அன்று இந்திய அரசு அறிவிக்கை மூலம் தடை செய்தது. எளிதில் தானே வெடிக்கும் தன்மையே இதற்குக் காரணம். அத்தடைக்கு அளிக்கப்பட்ட விலக்குகளுள் தீக்குச்சித் தலையும், விளையாட்டுத் துப்பாக்கிக்கான காகிதப் பொட்டும் அடங்கும். மற்றப் பட்டாசுகளுக்கு ஆகாதது எனத் தள்ளப்பட்ட கலவை, சிறுவர் பொட்டுக்கு அதன் அளவின் சிறுமையால் இசைவு பெற்றது குறிப்பிடத்தக்கது. ஆலையில் அக்கலவை சிறிய அளவில் மட்டும் இருப்பதில்லை.

2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்துவதையும் சரவெடி உற்பத்தியையும் தடை செய்தது. பொட்டுவெடியின் ஓசைக்குப் பேரியம் தேவையில்லை.

படைக்கலச் சட்டம்

1959ஆம் ஆண்டின் இந்தியப் படைக்கலச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, போலித் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக உரிமமின்றி மாற்றுவதைத் தடை செய்கிறது. சுடும் திறன் இருப்பினும் இல்லாவிடினும், துப்பாக்கியின் தோற்றம் உடைய எதுவும் இப்பிரிவின் பொருளில் போலித் துப்பாக்கியே. 2019ஆம் ஆண்டின் திருத்தம், ஒரு வகைத் துப்பாக்கியை மற்றொரு வகையாக மாற்றுவதையும் இப்பிரிவில் சேர்த்தது. ஆகவே அரைத்தானியங்கித் துப்பாக்கியைக் கையால் இயங்குவதாக மாற்றுவதற்கும் உரிமம் தேவை. மீறுவோருக்கு 7 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கப்படும்.

பிற நாடுகளில் இவ்வகை மாற்றத்தைச் சட்டமே தூண்டியதும் உண்டு. 1987ஆம் ஆண்டு ஹங்கர்ஃபோர்டு படுகொலைக்குப் பின் பிரித்தானியா 1988ஆம் ஆண்டில் பெரும்பாலான அரைத்தானியங்கி நெடுந்துப்பாக்கிகளைத் தடை செய்தது. அதன்பின் அதே தோற்றமுடைய துப்பாக்கிகள், ஒவ்வொரு முறையும் கையால் பின்னிழுத்துத் தோட்டா ஏற்றும் அமைப்புடன் அங்கு விற்பனைக்கு வந்தன. தோற்றத்தைக் கொண்டன்றி இயக்கத்தைக் கொண்டே சட்டம் துப்பாக்கியை வகைப்படுத்துகிறது என்பதற்கு இது சான்றாகும்.

தோற்றத்தால் வரும் ஆபத்தும் உண்டு. விளையாட்டுத் துப்பாக்கியைக் காட்டி மிரட்டிக் கொள்ளையடிப்பதும், காவலர் அதனை உண்மையென மயங்குவதும் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன. இதனால் 1988ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய துப்பாக்கிகளின் முனையில் செம்மஞ்சள் நிற அடைப்பு இருத்தல் வேண்டும்.

விளையாடுவோருக்கான பாதுகாப்பு

* காதின் அருகே வைத்துச் சுடலாகாது. ஓசை மிகக் குறுகியதாக இருப்பினும் அதன் உச்ச அழுத்தம் செவியின் உட்பகுதியைத் தாக்கக் கூடும்.
* சுருளைச் சட்டைப்பையில் வைத்துக் கொள்ளலாகாது. நாணயம், சாவி போன்றவற்றுடன் உரசி முழுச்சுருளும் பற்றினால் தொடையிலும் வயிற்றிலும் தீக்காயம் ஏற்படும்.
* பல பொட்டுகளை அடுக்கி ஒன்றாக அடித்தலோ, மருந்தைச் சுரண்டிச் சேர்த்தலோ கூடாது. 16 மில்லிகிராமுக்கு உரிய பாதுகாப்பு அப்போது இல்லாமல் போகிறது.
* முகத்தைச் சுத்தியலுக்கு நேரே வைத்துப் பார்த்தலாகாது. காகிதத் துணுக்கு கண்ணில் தெறிக்கக் கூடும்.

பண்பாட்டில்

தமிழ்நாட்டில் மாட்டிடையர் கதைகள் பரவிய காலமும் பொட்டுவெடித் துப்பாக்கி சிறுவரிடையே பெருவழக்காக இருந்த காலமும் ஒன்றே. இயக்குநர் கர்ணனின் கங்கா (1972) முதலிய படங்கள் அக்கதைகளைத் தமிழ்த்திரைக்குக் கொண்டு வந்தன. 1972ஆம் ஆண்டு தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984ஆம் ஆண்டு தொடங்கிய லயன் காமிக்ஸ் ஆகிய சித்திரக்கதை இதழ்கள் சிவகாசியிலிருந்தே வெளிவந்தன. டெக்ஸ் வில்லர் போன்ற துப்பாக்கி வீரர்களைத் தமிழ்ச் சிறுவர் அவற்றின் வழியே அறிந்தனர். இவ்வாறு, துப்பாக்கியின் கதையும் அதற்கு ஓசை தந்த பொட்டும் ஒரே ஊரிலிருந்து தமிழகத்தின் பல ஊர்களுக்கும் சென்றன.

இவற்றையும் பார்க்க

* சிவகாசி
* விருதுநகர் மாவட்டம்
* பட்டாசு
* தீப்பெட்டி
* சுழல் துப்பாக்கி
* குழந்தைத் தொழிலாளர்